கேட்கும் முன்பே

2018 மார்ச் பிறந்தபோது ஐரோப்பாவில் எண்ணற்ற வீடுகளின் சமையலறைக் கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தன. மைக்ரோவேவ் அடுப்பின் முகப்பில் மின்னும் கடிகாரமும், கட்டிலருகே வைத்திருக்கும் அலாரம் ரேடியோவும் ஒன்றுபோலத் தாமதம் காட்டின. கைபேசியில் நேரம் சரியாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பேருந்தைத் தவறவிட்ட பிறகுதான் அடுப்பை முறைத்துப் பார்த்தார்கள்.

அந்தக் கடிகாரங்களில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வகைக் கடிகாரம் நேரத்தைத் தானாக அளப்பதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அதிர்வை எண்ணுகிறது. 50 அதிர்வு வந்துவிட்டால் ஒரு வினாடி ஆயிற்று என்று வைத்துக்கொள்கிறது. அந்த ஆண்டு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வினாடிக்குச் சராசரியாக வந்தது 49.996 அதிர்வு. குறைந்தது ஓர் அதிர்வின் ஆயிரத்தில் நான்கு பங்கு. நாள் ஏற ஏற அந்தத் துணுக்குகள் சேர்ந்து ஆறு நிமிடமாகிவிட்டன.

காரணம் பால்கன் மூலையில் இருந்தது. கொசோவோ 2008இல் தன்னைத் தனிநாடாக அறிவித்தது. செர்பியா இன்றுவரை அதை ஏற்கவில்லை. கொசோவோவின் வடக்கே செர்பியர்கள் பெரும்பான்மையாக வாழும் நான்கு நகராட்சிகளில் அப்போது கொசோவோ அரசுக்கு மின்கட்டணம் கட்டாமல் இருந்தார்கள். அவர்கள் எரித்த மின்சாரத்துக்கு யார் கணக்குச் சொல்வது என்ற இழுபறி அந்தக் குளிர்காலத்தில் முற்றியது. கொசோவோவில் உற்பத்தி தேவையை எட்டவில்லை. அந்த வட்டாரத்தின் வரவு செலவைச் சமன்செய்யும் பொறுப்பில் இருந்த செர்பியத் தரப்பு ஈடுகட்டவில்லை. விடுபட்ட மின்சாரம் 113 ஜிகாவாட் மணி. நம் மின்வாரிய மீட்டர் கணக்கில் 11.3 கோடி யூனிட்.

போர்ச்சுகலிலிருந்து துருக்கி வரை இருபத்தைந்து நாடுகள் அப்போது ஒரே மின்தொகுப்பில் ஓடின. கொசோவோ என்ற நாட்டை ஏற்காத நாடுகளும் அதற்குள் உண்டு. ஸ்பெயின் ஏற்கவில்லை; ஆனாலும் ஸ்பெயின் வீட்டுக் கடிகாரம் கொசோவோவின் பற்றாக்குறையைத் தன் பங்குக்குச் சுமந்தது. தகராறு ஒருவாறு தணிந்ததும் மின்தொகுப்பைச் சில வாரங்கள் இம்மியளவு வேகமாக ஓட்டினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கடிகாரங்கள் தாமாகவே சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

அண்டை நாடுகள் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றி நம் செய்தித்தாள்களில் வருவதெல்லாம் விலையும் மெகாவாட்டும்தான். யார் எவ்வளவு விற்றார், யூனிட் என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் கம்பி, யார் திறந்துவைத்தார். இவை தேவையான தகவல்கள்தாம். ஆனால் அந்த ஆறு நிமிடம் இவற்றுக்குள் அடங்காது. அதை யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை, எந்த நாடாளுமன்றத்திலும் அதற்கு ஒப்புதல் கேட்கவில்லை. இருந்தும் கொடுக்கப்பட்டது.

எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெரிய அனல்மின் நிலையத்தில் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில் கோக்கப்பட்டு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன. நூற்றுக்கணக்கான டன் எஃகு. மாறுமின்னோட்டக் கம்பியால் இணைந்த எல்லா நிலையங்களிலும் இந்தச் சுழற்சி ஒரே தாளத்தில் இருந்தாக வேண்டும். ஒன்று முந்தவோ பிந்தவோ முடியாது. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றுபோனால், அந்தக் கணமே மற்ற எல்லாத் தண்டுகளின் மீதும் பாரம் ஏறுகிறது. ஊர்கூடித் தேர் இழுக்கும்போது ஒருவர் வடத்தை விட்டால் அவர் முகத்தைப் பார்க்காதவரின் உள்ளங்கையிலும் கனம் தெரியுமே, அதுபோல. சுழலும் எஃகு தனக்குள் வைத்திருக்கும் ஆற்றலில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வேகம் குறைகிறது. இதைப் பொறியாளர்கள் நிலைமம் என்கிறார்கள். சில வினாடிகள் கழித்துத்தான் நீராவி வால்வுகள் அகலத் திறக்கின்றன. நிமிடங்கள் ஆன பிறகுதான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கிறார். யார் பணம் தருவது என்ற கேள்விக்கு மாதங்கள் ஆகும். முதல் வினாடியின் உதவியில் மனித முடிவு எதுவும் இல்லை. கம்பியை இணைத்த நாளிலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

இதற்கு மறுபக்கம் உண்டு. அதை மறைத்துவிட்டு ஒத்துழைப்பைப் புகழ்வது நேர்மையாகாது. 2003 செப்டம்பர் 28 அதிகாலை மூன்று மணிக்கு ஸ்விட்சர்லாந்து மலைப்பாதையில் லுக்மானியர் மின்தடம் ஒரு மரத்தைத் தொட்டுத் துண்டிக்கப்பட்டது. அந்நேரம் இத்தாலி மலிவான இரவு மின்சாரத்தை வடக்கிலிருந்து நிறைய வாங்கிக்கொண்டிருந்தது. சுமை பக்கத்துத் தடத்தின் மேல் சாய்ந்தது. ஸ்விஸ் கட்டுப்பாட்டு அறை இத்தாலியைத் தொலைபேசியில் அழைத்து 300 மெகாவாட் குறைக்கச் சொன்னது. இத்தாலி குறைத்தது. போதவில்லை. சூடேறிக் கீழே தொய்ந்த இரண்டாவது கம்பியும் மரத்தில் பட்டது. முதல் மரம் தொட்டு அரைமணி நேரத்துக்குள் சார்தீனியா தீவு நீங்கலாக இத்தாலி முழுதும் இருண்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள். அன்று ரோம் நகரில் விடியவிடிய விழா. தெருவில் கொண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு, வேற்று நாட்டு மலையில் கிளை வெட்டாமல் விட்ட மரம் ஒன்று தங்கள் இரவை அணைத்தது எப்படித் தெரிந்திருக்கும்?

ஆகவே இணைந்திருப்பது பிறர் பலத்தில் பங்கு பெறுவது மட்டும் ஆகாது. பிறர் அசட்டையிலும் பங்கு வரும். இந்த இரண்டாவது பங்கை நினைத்துத்தான் அரசுகள் பயப்படுகின்றன. நியாயமான பயம்தான்.

நமக்கே அந்தப் பயத்தைச் சோதிக்கும் நாள் ஒன்று வந்தது. 2012 ஜூலை 30, 31 இரு நாளும் வட இந்தியா இருண்டது; இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் சேர்ந்து விழுந்தபோது பாதிக்கப்பட்ட பகுதிகளில் 60 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்தார்கள். தென்னகம் தப்பியது. தென்மாநில மின்தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற பகுதிகளோடு நேர்மின்னோட்டத் தொடர்புகளால் மட்டுமே இணைந்திருந்தது. அந்தத் தொடர்பில் மின்சாரம் போகும் வரும், தாளம் தொற்றாது. ஆனால் தப்பித்தோம் என்று நாம் சொல்லிக்கொண்ட அதே 2012இல்தான் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டில் கிடந்தன. நெல் அரவை மில்லும் விசைத்தறியும் கரண்ட் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் ஓடின. வடக்கே வாங்க மின்சாரம் இருந்தது. கொண்டுவரப் பாதை போதவில்லை. நம்மைக் காத்த சுவரே நம்மை இருட்டில் வைத்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தெற்கு மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. பெரும் இருட்டைக் கண்ணால் பார்த்து ஒன்றரை ஆண்டுக்குள் அந்தச் சுவரை எடுத்தோம். என் கணக்கில் அது இந்த நாட்டுப் பொறியாளர்கள் எடுத்த துணிச்சலான முடிவுகளில் ஒன்று; அதற்குரிய அளவில் நாம் அதைப் பேசவில்லை.

பயத்தின் நடுவே இணைவது என்றால் என்ன என்பதை 2022 காட்டியது. பிப்ரவரி 24 அதிகாலை. உக்ரைனும் மால்டோவாவும் ரஷ்ய, பெலாரஸ் மின்தொகுப்பிலிருந்து கம்பியைக் கழற்றின. மூன்று நாள் தனித்து ஓடிப் பார்க்கும் சோதனை, முடிந்ததும் பழையபடி இணைவது என்பது முன்பே குறித்திருந்த திட்டம். கழற்றிய சில மணி நேரத்தில் ரஷ்யப் படை எல்லை தாண்டியது. திரும்ப இணைய வழியில்லை; அணுமின் நிலையங்கள் உள்ள ஒரு பெருநாடு போருக்கு நடுவே தனித்து ஓடியது. ஐரோப்பாவோடு சேர்வதற்கான ஆய்வுகள் 2023 வரை நீளவிருந்தன. ஆனால் மார்ச் 16 அன்று, மூன்று வாரம்கூட முழுதாக முடியாத நிலையில், ஐரோப்பாவின் மின்தொகுப்பு நிர்வாகிகள் உக்ரைனையும் மால்டோவாவையும் தங்கள் தாளத்தோடு இணைத்தார்கள்.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆயுதம் தருவதில் அளவு உண்டு. இன்று இவ்வளவு, நாளை பார்ப்போம் என்று சொல்லலாம். பணம் தருவதிலும் அப்படியே. ஆனால் மின்தொகுப்பில் சேர்த்துக்கொண்ட பிறகு கார்கிவ் பக்கத்தில் ஒரு துணைமின் நிலையத்தில் ஏவுகணை விழுந்தால் அந்த அதிர்ச்சி பிரான்சிலும் ஜெர்மனியிலும் சுற்றும் தண்டுகளுக்கு அக்கணமே போய்ச் சேரும். தொகுப்பு பெரிது, ஆகவே அதிர்ச்சி சிறிது, ஆனாலும் வரும். அந்த வருகைக்குக் கதவைத் திறந்துவைத்தார்கள். ஜூன் இறுதியில் உக்ரைன் தன் உபரி மின்சாரத்தை ருமேனியாவுக்கு விற்கவும் தொடங்கியது. அக்டோபரில் மின்நிலையங்கள் குறிவைத்துத் தாக்கப்பட்டபோது விற்பனையை நிறுத்தி, பின்பு அதே கம்பியில் வாங்கத் தொடங்கியது. கொடுக்கிறவர் பெறுகிறவர் என்று இரண்டு சாதி அந்தக் கம்பிக்குத் தெரியாது.

லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா மூன்றின் கதை வேறு மாதிரி. சோவியத்திலிருந்து விடுபட்டு முப்பது ஆண்டு கடந்தும் அவற்றின் மின்தாளம் மாஸ்கோவில்தான் நெறிப்படுத்தப்பட்டது. 2022 மே மாதத்தோடு ரஷ்ய மின்சாரம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். உறவு கசந்து கிடந்தது. ஆனாலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஒரே அதிர்வெண்ணில் ஓடினார்கள், ஏனென்றால் கோபத்தில் கழற்றிவிட முடியாத கம்பி அது. 2024 ஜூலையில் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். நிலைமம் தருவதற்கென்றே சுழலும் பெரும் இயந்திரங்களை மூன்று நாடுகளிலும் நிறுவினார்கள். 2025 பிப்ரவரி 8 அன்று பிரிந்து, ஒரு நாள் தனியே ஓடி, 9ஆம் தேதி பிற்பகல் போலந்து வழியாக ஐரோப்பாவில் சேர்ந்தார்கள். ஒரு விளக்கும் அணையவில்லை. பகையாளியிடமிருந்து பிரிவதற்குக்கூட அவனோடு தேதியும் நேரமும் ஒத்துப்போக வேண்டியிருந்தது என்பது என்னை நெடுநேரம் யோசிக்கவைத்த செய்தி.

அதே 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி வாக்கில் இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது என்றார் எரிசக்தி அமைச்சர். நாடே சிரித்தது. ஆனால் குரங்கு காரணத்தின் நுனி மட்டுமே. விடுமுறை நாள், தேவை குறைவு. நல்ல வெயில், கூரைச் சூரியத் தகடுகள் நிறையத் தந்துகொண்டிருந்தன. ஆகவே சுழலும் தண்டுகள் குறைவாக இருந்தன. நிலைமம் மெலிந்திருந்த நேரத்தில் ஓர் அடி விழுந்தது. தாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்தில் எவரும் இல்லை, சுற்றிலும் கடல். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றது. அதை மறுபடி ஓட்டிக் கொண்டுவர நாளாகும் என்பதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. பெருந்தொகுப்பில் இதே அடி விழுந்திருந்தால் மானி முள் இலேசாக அசைந்து அடங்கியிருக்கும்.

ஒரே நாளில் நடந்த இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. மற்றவருக்கு உதவுவதை நாம் ஒரு முடிவாகவே நினைத்துப் பழகிவிட்டோம்: துன்பம் வரும், அவர் கேட்பார், நாம் யோசிப்போம், கொடுப்போம் அல்லது மறுப்போம். மின்தொகுப்பில் அந்த வரிசைக்கு நேரமில்லை. இத்தாலியில் தொலைபேசி மணி அடித்து, பேசி, குறைத்து முடிப்பதற்குள் இரண்டாவது கம்பி தொய்ந்துவிட்டது. விழுகிறவரைத் தாங்கும் உதவி, கேட்பதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். அதற்கு விழாத நாளிலேயே, பகை இல்லாத நாளிலேயே, ஏன் பகை உள்ள நாளிலும்கூட, அவர் விழுந்தால் என் மேல் பாரம் ஏறட்டும் என்று முன்கூட்டியே சம்மதித்து வைத்திருக்க வேண்டும். அண்டை வீட்டாராக இருப்பதன் சாரம் அந்த முன்சம்மதம். மற்றதெல்லாம் வியாபாரம்.

வியாபாரத்தைத் தாழ்த்திச் சொல்லவில்லை; தெற்காசியாவில் அதுவே பெரும்பாடாக இருக்கிறது. 2014 நவம்பரில் காத்மண்டு சார்க் மாநாட்டில் மின் ஒத்துழைப்புக்கு எட்டு நாடுகளும் கையெழுத்திட்டன. மழைக்காலத்தில் நேபாள ஆறுகளில் மின்சாரம் மிஞ்சுகிறது. பங்களாதேஷில் அப்போது தேவை. நடுவே இந்திய நிலம். அந்த நிலத்தைத் தாண்டி நேபாளம் 40 மெகாவாட் அனுப்புவதற்கான முத்தரப்பு ஒப்பந்தம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் கையெழுத்தானது. நவம்பர் 15 அன்று ஒரே ஒரு நாள் மின்சாரம் போயிற்று. ஒப்பந்தப் பருவம் அன்றோடு முடிகிறது என்பதால் அடுத்த ஜூன் வரை காத்திருப்பு. 40 மெகாவாட் என்பது ஒரு சிறு காற்றாலைப் பண்ணையின் அளவு. ஆனாலும் ஒரு மூன்றாவது நாடு வழிவிட்டதே, அது சிறிதில்லை.

வழிவிடுவது என்றதும் பாலட்டானா நினைவுக்கு வருகிறது. திரிபுராவில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டும்போது அதன் பாரமான இயந்திரங்களை மலைப்பாதை வழியே கொண்டுபோக முடியவில்லை. பங்களாதேஷ் தன் ஆற்றுவழியைத் திறந்தது. ஆஷுகஞ்ச் துறையில் இறக்கி, அங்கிருந்து நீண்ட டிரெய்லர்களில் ஏற்றி அகௌரா எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வண்டிகளின் கனத்தைப் பழைய பாலங்கள் தாங்கா என்று தித்தாஸ் ஆற்றில் குறுக்கே மண்பாதை போட்டார்கள். நீரோட்டம் தடைபட்டதால் அங்கே எதிர்ப்பும் எழுந்தது. அந்த ஊர்க்காரர்கள் பட்டதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே. 2016 மார்ச்சில் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் கொமில்லாவுக்குப் போகத் தொடங்கியது. வழிவிட்டவர் வீட்டுக்கு விளக்கு வந்தது.

ஆனால் அதே இரு நாடுகளுக்கிடையே 2024 அக்டோபர் இறுதியில் இன்னொன்றும் நடந்தது. ஜார்க்கண்டின் கோட்டாவில் பங்களாதேஷுக்கென்றே கட்டிய அதானி குழுமத்தின் 1600 மெகாவாட் நிலையம், பாக்கி சேர்ந்துவிட்டது என்று விநியோகத்தைப் பாதியாகக் குறைத்தது. பாக்கி உண்மை. கொடுக்க வேண்டியதைக் கேட்பதில் தவறில்லை. ஆயினும் டாக்காவில் இருப்பவர் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? தன் வீட்டு விளக்கின் சுவிட்ச் அண்டை வீட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொள்வார். கொழும்பில் இருப்பவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைப்பது பற்றிய ஆய்வுக்கு 2010இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2025 ஏப்ரலில் நேர்மின்னோட்டத் தொடர்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதுரைப் பக்கமிருந்து கடலுக்கடியில் மன்னாருக்குப் போகும் பாதையைத்தான் பேசிவருகிறார்கள். 2022இல் இலங்கை ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்வரை இருட்டில் கிடந்ததையும், நம் பக்கம் ஆடிக் காற்று வீசியும் காற்றாலைகள் வாங்க ஆளில்லாமல் நிறுத்திவைக்கப்படும் நாட்கள் இருப்பதையும் ஒருசேர நினைக்கும் எவருக்கும் இந்தக் கேபிள் இன்னும் போடப்படாதது வருத்தம் தரும். சிறிய நாட்டின் அச்சத்தையும் நான் வருத்தத்தோடு புரிந்துகொள்கிறேன். மீன்பிடிப் படகுகளே ஒழுங்காகக் கடக்க முடியாத நீரிணையில், பெரியவன் கையில் சுவிட்சைக் கொடுப்பதா என்ற கேள்விக்கு விலைப்பட்டியல் பதிலாகாது.

நேர்மின்னோட்டத் தொடர்பு இரு தாளங்களைத் தனித்தனியாகவே வைத்திருக்கும். இலங்கையின் கோளாறு மதுரையைத் தொடாது. நம் கோளாறு மன்னாரைத் தொடாது. அந்த அளவில் பயத்துக்கு மருந்து. ஆனால் பாணந்துறையில் அன்று தேவைப்பட்ட முதல் வினாடியின் தாங்கலும் தானாக வராது. சுழலும் எஃகு செய்வதை இங்கே கட்டுப்பாட்டுக் கருவி செய்ய வேண்டும்: தீவின் அதிர்வெண் இந்த எண்ணுக்குக் கீழே சரிந்தால், எந்த உத்தரவுக்கும் காத்திராமல், வினாடியின் ஒரு பகுதிக்குள் இவ்வளவு மெகாவாட் பாய்ச்சு என்று அதில் எழுதிவைக்கலாம். தொழில்நுட்பம் இருக்கிறது. எழுதாமலும் விடலாம், அப்போது அது சந்தை திறந்திருக்கும் நேரத்தில் சரக்கு ஏற்றும் குழாய், அவ்வளவே.

கேபிளின் செலவைப் பற்றியும் யூனிட் விலையைப் பற்றியும் இரு நாட்டு அதிகாரிகளும் நிறையப் பேசுவார்கள், பேசட்டும். அதற்கு முன் சென்னையிலும் கொழும்பிலும் உள்ள மின்தொகுப்புப் பொறியாளர்களை ஒரு மேசையில் உட்காரவைத்து, எந்த அதிர்வெண்ணில், எத்தனை மெகாவாட், எத்தனை நிமிடத்துக்கு, பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரு திசையிலும் என்று எழுதி வாங்க வேண்டும். டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்தில் அது இருக்க வேண்டும்.